ஆர்சி இல்லாத டர்ட் பைக், மண் ரோட்டுக்கு மட்டும்: வாங்கலாமா?

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறேன். ஞாயிறுகளில் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் மண் ரோட்டில் ஜாலியாக பைக் ஓட்ட ஆசை. ஒரு கடையில் பழைய இம்போர்ட்டட் டர்ட் பைக் இருக்கிறது, ஆர்சி இல்லை. "மண் ரோட்டுக்கு எதுக்கு சார் ஆர்சி, குட்டியானையில ஏத்திட்டுப் போயிடுங்க" என்கிறார் கடைக்காரர். 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தார் போடாவிட்டாலும் ரோடு ரோடுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு, பொது இடமோ வேறு இடமோ, பதிவில்லாத வண்டியை ஓட்டவே கூடாது என்கிறது. அபராதத்தைக்கூட கட்டிவிடலாம், ஆனால் ஆர்சி இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க முடியாதே. திருப்பத்தில் ஆடு ஓட்டி வருகிறவர் மேல் இடித்து அவருக்குக் கால் முறிந்தால், விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் சொல்லும் நஷ்டஈடு மொத்தமும் உங்கள் கையிலிருந்துதான் போகும். அந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் ஹாரன்கூட இருக்காது என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் தேவைக்கு ஆர்சியோடு செகண்ட் ஹேண்ட் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போதும். முன்சக்கரம் 21 இன்ச், கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மி.மீ., எடை 160 கிலோவுக்குள், அதனால் சேற்றில் சாய்ந்தாலும் ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம் (196 கிலோ ஹிமாலயன் 450 சாய்ந்தால் பக்கத்து வயலில் ஆள் தேட வேண்டும்). சீட் உயரம் 825 மி.மீ., கால் எட்டுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ஓடையில் இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் காசு வராது, அதையும் கேட்டு வையுங்கள்.

சரி, எங்கே ஓட்டுவது? வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'வண்டிப்பாதை' என்றே புறம்போக்கு உண்டு. சர்வே எண் தெரிந்தால் அரசின் இணையதளத்தில் அ-பதிவேட்டை (அந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) பார்த்துக்கொள்ளலாம். பட்டா நிலத்து வரப்பும் காப்புக்காடும் வேண்டவே வேண்டாம். ஏரிக்கரையில் மழை நேரத்தில் டயர் தடம் ஆழமாக விழுந்தால் அந்தத் தடத்திலேயே தண்ணீர் ஓடி கரையை அரிக்கும், அப்போது ஊர்க்காரர்கள் சாவியைப் பிடுங்கினால் நான் அவர்கள் பக்கம்தான்.

அப்புறம் அட்வான்ஸ். ஆர்சி இல்லாததால் வாங்கவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. விற்றவர் கடைக்காரராக இல்லாமல் தனி ஆளாக இருந்திருந்தால் இந்த வழியும் இருந்திருக்காது.