பையில் ஒரு வானொலி நிலையம்: கேள்வி பதில்

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்கான உரிமம் கைக்கு வந்ததும் கருவியைத் தூக்கிக்கொண்டு மலைக்கோ கடற்கரைக்கோ போய்ப் பேச வேண்டும் என்ற ஆசை பலருக்கு எழுகிறது. அப்படிப்பட்டவர்கள் கேட்டவை இவை.

ஏலகிரியில் ஒரு நாள் தங்கப் போகிறேன். என்னிடம் 5 வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ) மட்டுமே இருக்கிறது. பெரிய கருவி வாங்கிக்கொண்டு போகட்டுமா? (ஈரோடு, புதிய உரிமதாரர்)

வேண்டாம், 5 வாட் போதும். ஹேண்டி பேசும் 145 மெகாஹெர்ட்ஸ் (2 மீட்டர்) அலை ஏறக்குறைய கண்பார்வைக் கோட்டில்தான் போகும். அங்கே வாட்டைவிட உயரத்துக்குத்தான் மதிப்பு. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். தடையில்லாத உச்சியிலிருந்து ரேடியோ தொடுவானம் ஏறத்தாழ 135 கிலோமீட்டர் வரும். எதிரே இருப்பவர் மாடியில் ஆண்டெனா வைத்திருந்தால் இன்னும் கூடும்.

கருவிக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு சிறு பங்கை ஆண்டெனாவில் போடுங்கள். ஹேண்டியோடு வரும் ரப்பர் குச்சியைக் கழற்றிவிட்டு, 49 சென்டிமீட்டர் நீளப் பித்தளைக் கம்பியை நிமிர்த்தி, அதன் அடியில் அதே நீளத்தில் நான்கு கம்பிகளைச் சாய்வாகப் பொருத்துங்கள். வித்தியாசம் உடனே காதில் தெரியும். ஹேண்டிக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே கேபிளை நீட்டாதீர்கள். ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர் இருந்தால், இந்த அலைவரிசையில் பாதிச் சக்தி கேபிளிலேயே போய்விடும்.

அண்ணா, 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ்) 5 வாட் வைத்து மதுரையிலிருந்து கோவை, சென்னை நண்பர்களோடு பேச முடியுமா? நடுவே மலை இருக்கிறதே? (மதுரை, கல்லூரி மாணவர்)

முடியும் தம்பி. மலை ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அலை மலையைத் தாண்டிப் போவதில்லை. நேர் மேலே ஏறி, அயனி மண்டலத்தில் பட்டு, ஏறக்குறைய செங்குத்தாகவே கீழே இறங்குகிறது. ஆகவே சில நூறு கிலோமீட்டர் வட்டம் முழுவதும் ஒரே சீராக நனைகிறது.

இதற்கு ஆண்டெனா தாழ்வாக இருப்பதே நல்லது. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் (நடுவில் கேபிள் இணையும் இருகைக் கம்பி ஆண்டெனா) மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1-க்கு 20 மீட்டர் சொச்சம். நடுவை 6 மீட்டர் மூங்கிலில் கட்டி, இரு முனைகளையும் கூடாரக் கயிறு போலச் சரித்து இழுத்துக் கட்டுங்கள். முதலில் கம்பியைச் சற்று நீளமாகவே வெட்டி, ஆண்டெனா பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் குறையுங்கள்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். உச்சி வெயிலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அலையை உறிஞ்சிவிடும், 5 வாட் திணறும். காலையும் பிற்பகலின் கடைசி மணிகளும் நல்லவை. இரவு ஏற ஏற அயனி அடர்த்தி குறைந்து, செங்குத்தாகப் போகும் அலை திரும்பாமல் விண்வெளிக்குப் போய்விடும். அப்போது பக்கத்து ஊர் மறைந்து, தொலைதூரக் குரல்கள் வரும். கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்படாதே. 20 மீட்டர் அலைவரிசையில் (14 மெகாஹெர்ட்ஸ்) பகலிலேயே இப்படித்தான், சென்னை கேட்காது, ஐரோப்பா கேட்கும்.

குரல், மோர்ஸ், எஃப்டி8. குறைந்த சக்திக்கு எது சிறந்தது? (திருநெல்வேலி)

தூரம் மட்டுமே குறி என்றால் எஃப்டி8. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் வெளியிட்ட, கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை இது. அகலம் வெறும் 50 ஹெர்ட்ஸ். காதுக்கு எட்டாத, இரைச்சலில் புதைந்த சமிக்ஞையையும் கணினி படித்துவிடும். 15 வினாடிக்கு ஒரு முறை மாறி மாறி அனுப்புவதால், கணினிக் கடிகாரம் ஒரு வினாடிகூடப் பிசகக் கூடாது. மலையில் இணையம் இல்லையென்றால் ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதில் உரையாடல் இல்லை. அழைப்புக் குறி, இடம், சமிக்ஞை அளவு, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது மோர்ஸ். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப் பட்டை) குரல் இரண்டரை கிலோஹெர்ட்ஸில் பரவுகிறது. மோர்ஸ் அதே சக்தியை நூற்றைம்பது ஹெர்ட்ஸ் அளவுக்குள் அடக்கிவிடுகிறது. கருவி எளிது, கணினி வேண்டாம், மனிதக் காதும் கையும் போதும். பொது நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் எப்படியும் பழக வேண்டியதுதான்.

குரலைக் குறைத்து மதிப்பிடவும் மாட்டேன். 2004 டிசம்பரில் ஹாம் இயக்குநர் பாரதி பிரசாத்தின் குழு போர்ட் பிளேரிலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தபோதுதான் ஆழிப்பேரலை அடித்தது. மற்றத் தொடர்புகள் அறுந்துகிடந்த அந்த நாட்களில், அந்தமானில் இருந்தவர்களைப் பற்றிய பல செய்திகள் ஹாம் ரேடியோ வழியாக வெளியே வந்தன.

5 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் எதிர்முனையில் எவ்வளவு வித்தியாசம்? (சேலம்)

13 டெசிபல். சமிக்ஞை அளவைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு படிக்குச் சற்று மேல். தாழ்ந்த ஆண்டெனாவை உயர்த்தினாலே சில சமயம் அதில் பெரும் பங்கு கிடைத்துவிடும்.

நாள் முழுவதும் பேச எந்த பேட்டரி? (கோயம்புத்தூர்)

லித்தியம் இரும்பு பாஸ்பேட். 5 வாட் கருவி கேட்கும்போது 0.4 ஆம்பியரும் பேசும்போது 2 ஆம்பியரும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் சராசரி 0.72 ஆம்பியர். 6 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு மணி நேரம் தாங்கும். எஃப்டி8-இல் பாதி நேரம் அனுப்பிக்கொண்டே இருப்பதால் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

விலை உயர்ந்த கருவி வாங்க வசதியில்லை. வேறு வழி? (விருதுநகர்)

ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த, நாமே கட்டக்கூடிய பிட்எக்ஸ் கருவி வரிசையைப் பாருங்கள். முதல் பிட்எக்ஸை எளிதில் கிடைக்கும் சாதாரணப் பாகங்களைக் கொண்டே கட்டும்படி வடிவமைத்து, சுற்றுப்படத்தை எல்லோருக்கும் திறந்து வைத்தார். உலகெங்கும் ஹாம்கள் அதைக் கட்டினார்கள். சாலிடரிங் தெரிந்திருந்தால் தயங்க வேண்டாம். தானே கட்டிய கருவியில் முதல் பதில் குரல் கேட்பது பெரிய மகிழ்ச்சி.

யாழ்ப்பாணத்தில் சில மாலைகளில் சென்னை எஃப்எம் நிலையங்கள் தெளிவாகக் கேட்கின்றன. 380 கிலோமீட்டர் எப்படி வருகிறது? (யாழ்ப்பாணம்)

கடல்மேல் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள காற்றின் மீது வெப்பக் காற்று படிந்தால், அலை மேலே தப்பாமல் இரண்டுக்கும் இடையே வளைந்து வளைந்து போகும். காற்று அடங்கிய நாட்களில் இது அதிகம். எஃப்எம் ஒலிபரப்பு வந்தால் 2 மீட்டரும் திறந்திருக்க வாய்ப்புண்டு. உடனே 145 மெகாஹெர்ட்ஸுக்கு மாறி அழைத்துப் பாருங்கள்.

உரிமம் இன்னும் வரவில்லை. ஹேண்டி வாங்கி வைத்துக்கொள்ளலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. அனுப்பும் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதே இந்தியாவில் சட்டமீறல். இப்போது கேளுங்கள். எஸ்எஸ்பி வசதியுள்ள சிற்றலைப் பெட்டி ஒன்றில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை காலையில் மெல்லத் திருப்புங்கள். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே குரலுக்குக் கீழ்ப்பக்கப் பட்டை, மேலே மேல்பக்கப் பட்டை என்பது வழக்கம். குரல் கரகரவென்று புரியாவிட்டால் அதை மாற்றிப் பாருங்கள். விண்வெளி நிலையம் தலைக்குமேல் கடக்கும்போது சில சமயம் 145.800 மெகாஹெர்ட்ஸில் வீரர்களின் குரலும் வரும். அதற்குச் சிற்றலைப் பெட்டி உதவாது, அந்த அலைவரிசையைக் கேட்கும் பெட்டி வேண்டும், சாதாரண ஆண்டெனாவே போதும்.

ஐப்பசி மழையில் மலைக்குப் போகலாமா? (திண்டுக்கல்)

மழையில் போகலாம், இடியில் கூடாது. பேண்டில் 'சடசட' என்ற இரைச்சல் கூடினால் மின்னல் நெருங்குகிறது. கேபிளைக் கருவியிலிருந்து கழற்றித் தூர எறிந்துவிட்டு உச்சியை விட்டு இறங்குங்கள். கம்பத்தை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அதை மழை விட்டபின் போய் எடுத்துக்கொள்ளலாம்.