டயாலிசிஸ் நோயாளி தண்ணீர் அளவை மீறுவது மன உறுதி இல்லாததாலா?

அப்பா அளவை மீறிக் குடிக்கிறார், கண்டித்தால் “நான் எதற்கும் லாயக்கில்லாதவன்” என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரகம் செயலிழந்ததால், ஆறு வருடங்களாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரித்து, தேங்கிய நீரை எடுப்பது) செய்துகொள்பவன் நான். டம்ளரை விடுங்கள், முதலில் அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள்.

குடித்த நீர் சிறுநீராக வெளியேறாமல் உடலிலேயே தங்கிவிடும்; 1 லிட்டர் தங்கினால் எடை மெஷினில் 1 கிலோ. மறைக்கவே முடியாது. என் உலர் எடை, அதாவது தேங்கிய நீர் இல்லாத எடை, 58 கிலோ. ஒருமுறை 4 கிலோ கூடுதலாகப் போய் நின்றேன். செவிலியர் எண்ணை உரக்கப் படித்தார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 4 மணி நேரத்தில் அவ்வளவு நீரையும் இயந்திரம் இழுக்க, ரத்த அழுத்தம் சரிந்தது, கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். ‘கெட்ட பெயர் வந்தாயிற்று, இனி என்ன’ என்ற எண்ணம்தான். தன்மேல் மதிப்புப் போனவனுக்கு எந்த அளவும் அளவில்லை.

என்னைத் திருப்பியது ஒரு மருத்துவரின் கேள்வி. “எவ்வளவு குடித்தீர்கள்?” என்று அவர் கேட்கவில்லை, “என்ன சாப்பிட்டீர்கள்?” என்றார். உடலில் சேரும் சுமார் 8 கிராம் உப்பு ஏறக்குறைய 1 லிட்டர் நீரைப் பிடித்துவைக்கும். அந்த நீர் கிடைக்கும்வரை மூளை தாகத்தை நிறுத்தாது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும் என்பதைத் தப்பு செய்தவனுக்குச் சொல்வோம். எங்கள் விஷயத்தில் அது வெறும் உடலியல். நான் பலவீனன் அல்ல, உப்பு அதிகம் தின்றவன் என்று தெரிந்ததே பாதிச் சுமையை இறக்கியது. சர்க்கரை நோய் இருந்தால், கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் தாகத்தைக் கூட்டும்.

எனக்கு மருத்துவர் சொன்ன கணக்கு, முந்தைய நாள் சிறுநீரின் அளவும் அதற்கு மேல் 500 மில்லியும். அப்பாவின் கணக்கை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். காலையிலேயே அதை ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். குழம்பு, மோர், ஐஸ்கட்டி எல்லாம் அதில் கழியும். கணக்கை அவரே எழுதட்டும். வாசலிலேயே “இன்று எத்தனை கிலோ?” என்று கேட்காதீர்கள். “லாயக்கில்லாதவன்” என்ற அந்த வாக்கியம் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எங்களில் பலருக்கு மனச்சோர்வு உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு.

இன்னொன்று. படுக்கும்போது மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான் ஒரு இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைத்தேன், யாரையும் எழுப்பவில்லை. திட்டுவார்கள் என்ற பயம்.