அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் தூக்கிலிடப்பட்டாரா?

இல்லை; தூக்கிலேறியவர்கள் அவருடைய கூட்டாளிகள் நால்வர். பூத் மேரிலாந்தில் பிறந்த புகழ்பெற்ற மேடை நடிகர், அடிமைமுறையின் தீவிர ஆதரவாளர். முதலில் லிங்கனைக் கடத்தவே திட்டமிட்டிருந்தவரைக் கொலைக்குத் தூண்டியது, கறுப்பின மக்களில் ஒரு பகுதியினருக்கேனும் வாக்குரிமை வேண்டும் என்று 1865 ஏப்ரல் 11 அன்று லிங்கன் ஆற்றிய உரைதான். மூன்று நாள் கழித்து, தமக்கு நன்கு பழக்கமான ஃபோர்டு நாடக அரங்கில், லிங்கன் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கையில், சிரிப்பொலி எழும் வசனத்துக்காகக் காத்திருந்து சுட்டுவிட்டு, மேடையில் குதித்துத் தப்பினார். ஏப்ரல் 26 விடியற்காலையில், வர்ஜீனியாவில் அவர் ஒளிந்திருந்த புகையிலைக் கொட்டகைக்குப் படைவீரர்கள் தீ வைத்தபோது, பாஸ்டன் கார்பெட் என்ற வீரர் பலகை இடுக்கின் வழியே சுட்ட குண்டு கழுத்தைத் துளைத்துத் தண்டுவடத்தைச் சிதைத்தது; கைகால் செயலிழந்து, சில மணி நேரத்தில் இறந்தார். இரகசியமாகப் புதைக்கப்பட்ட உடல் 1869இல்தான் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது.