மகள் ஏன் இந்தக் கதைகளையே படிக்கிறாள்?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 'தி ஹங்கர் கேம்ஸ்' என்ற ஆங்கில நாவலின் மூன்று பாகங்களையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, அதே மாதிரி வேறு புத்தகங்கள் வேண்டும் என்கிறாள். பின்னட்டையைப் படித்துப் பார்த்தேன். சிறுவர் சிறுமியரை ஓரிடத்தில் அடைத்து, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை கொல்லச் சொல்கிறார்களாம். எனக்கு உடம்பே பதறிவிட்டது. கலகலப்பான பெண்தான், பாடங்களிலும் குறை இல்லை. இருந்தும் இப்படிப்பட்ட கதையில் அவளுக்கு என்ன இன்பம்? புத்தகங்களை எடுத்து ஒளித்து வைத்துவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஒளித்து வைக்காதீர்கள். முதல் பாகத்தையாவது நீங்களும் படியுங்கள். பின்னட்டையில் இருப்பது போட்டியின் விதி மட்டும்தான். உங்கள் மகள் மறுபடியும் மறுபடியும் திரும்பிப் போவது அந்த விதிக்காக அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2008இல் எழுதிய நாவல் இது. பானெம் என்ற கற்பனை நாட்டில் கேபிடல் என்ற செழிப்பான தலைநகரும், அதற்கு உழைத்துக் கொட்டும் 12 மாவட்டங்களும் இருக்கின்றன. முன்னொரு காலத்தில் கிளர்ச்சி செய்ததற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் அனுப்ப வேண்டும். அந்த 24 பேரும் ஒருவர் மிஞ்சும்வரை மோதிச் சாவதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தாக வேண்டும். ஓர் இரவு சேனல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது, இளைஞர்கள் மோதும் ரியாலிட்டி நிகழ்ச்சியும் இராக் போர்க் காட்சிகளும் மாறி மாறி வந்ததில்தான் இந்தக் கதை தோன்றியது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார்.

யார் போக வேண்டும் என்பது குலுக்கலில் முடிவாகிறது. பார்வைக்கு எல்லோருக்கும் ஒரே நீதி. ஆனால் பசியில் வாடும் குடும்பத்துப் பிள்ளை, தன் பெயரைக் கூடுதலாக ஒரு முறை எழுதிப் போட்டால், ஒரு ஆளுக்கு ஓராண்டுக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். நிலக்கரிச் சுரங்க விபத்தில் தந்தையைப் பறிகொடுத்த 16 வயது காட்னிஸின் பெயர் அந்தக் குலுக்கலில் 20 முறை இருக்கிறது. 12 வயதுத் தங்கை பிரிமின் பெயர் ஒரே ஒரு முறை. தங்கையின் பெயர்தான் வருகிறது. அக்கா முன்னால் வந்து, அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்கிறாள்.

சகோதரி, இந்த இடத்தில் உங்கள் மகள் என்ன படிக்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். பொதுவாக வைத்த சட்டமே ஏழைப் பிள்ளையின் தலையில் அதிகமாக விழுவதைப் படிக்கிறாள். 14 வயதுப் பிள்ளைகளுக்கு அநியாயத்தின் வாசனை நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நாம் அவர்களிடம் பேசுவதில்லை, இந்த எழுத்தாளர் பேசுகிறார்.

இன்னொன்றும் உண்டு. எந்தப் பள்ளி, எந்தப் பாடப்பிரிவு, எந்த டியூஷன், எத்தனை மணிக்குப் படுக்கை என்று உங்கள் மகளின் வாழ்க்கையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்மானிக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம். காட்னிஸோ ஒவ்வொரு மணி நேரமும் தானே முடிவெடுக்கிறாள். தாகத்தில் சாகக் கிடந்து, கடைசியில் ஒரு குட்டையைக் கண்டுபிடித்த பிறகும் உடனே குடிப்பதில்லை. தண்ணீரில் அயோடின் விட்டு அரைமணி நேரம் காத்திருக்கிறாள். இரவில் மரத்தின் மேல் தன்னை இடுப்புவாரால் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். இந்த வயதில் இதைப் படிக்கும் பிள்ளை, நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டுக்கொள்ளும். இந்தக் கதைகளின் பெரிய இழுப்பு அதுதான் என்பேன்.

கொலைகளை ரசிக்கிறாளோ என்பது உங்கள் பயம். 11ஆம் மாவட்டத்துச் சிறுமி ரூ சாகும் பகுதியைப் படியுங்கள். அவளைக் கொன்றவனைக் காட்னிஸ் அம்பெய்து கொல்வது சட்டென்று முடிந்துவிடுகிறது. ரூவுக்காக அவள் பாடுவதையும், உடலைப் பூக்களால் மூடுவதையும் ஆசிரியர் நின்று நிதானமாக எழுதுகிறார். மூன்றாம் பாகத்தின் முடிவில், எத்தனையோ ஆண்டுகள் கழிந்தும் காட்னிஸுக்குக் கெட்ட கனவுகள் ஓயவில்லை.

இளைஞர்கள் இந்தக் கதையிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. மூன்று விரல்களை உயர்த்தும் வணக்கம் ஒன்று நாவலில் வருகிறது. காட்னிஸின் ஊரில் அது நன்றி சொல்லவும், அன்புக்குரியவரை வழியனுப்பவும் செய்வது. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மாணவர்கள் அந்த விரல்களை உயர்த்தினார்கள், அதற்காகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 2021இல் மியான்மர் வீதிகளிலும் அதே விரல்கள் உயர்ந்தன. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு விம்முகிறது.

ஆகவே, படித்துவிட்டு மகளோடு பேசுங்கள். "இதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது?" என்று கேட்டால் பரீட்சைக் கேள்வி போலாகிவிடும். "பீட்டா சொல்வதை நீ நம்பினாயா?" என்று கேளுங்கள், கொட்டித் தீர்ப்பாள். காட்னிஸின் மாவட்டத்திலிருந்து அவளோடு போட்டிக்குப் போகும் சிறுவன்தான் பீட்டா. காட்னிஸின் தாயைப் பற்றியும் கேளுங்கள். கணவன் இறந்த துயரத்தில் பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் ஒடுங்கிப்போனவள் அவள். தாய்மார்களைப் பற்றி உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்பது அந்தப் பேச்சில் வெளிவரலாம்.

தூக்கம் கெட்டாலோ, தோழிகளை விட்டு விலகினாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்பது போலப் பேசினாலோ நாவலைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த புத்தகமாக லோயிஸ் லௌரி 1993இல் எழுதிய 'தி கிவர்' நாவலை வாங்கிக் கொடுங்கள். பசியும் போரும் இல்லாத ஊர். ஆனால் 12 வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வேலை என்று பெரியவர்களே முடிவு செய்துவிடுவார்கள். போட்டிக் களமெல்லாம் இதில் கிடையாது. சின்னப் புத்தகம், ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். பச்சிளம் குழந்தை ஒன்றைப் பற்றிய மிகக் கடுமையான காட்சி இதில் உண்டு, அதனால் அவளுக்கு முன்பே நீங்கள் படித்து வைத்திருங்கள்.