கழுத்துக் கருமைக்கு க்ரீம் வேண்டாம், முதலில் இடுப்பை அளந்து பாருங்கள்

கேள்வி: வயது 41. உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், உடற்பயிற்சி இல்லை. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் தள்ளுகிறது. பேன்ட் சைஸ் 34தான், ஆனால் சட்டைக்கு அளவெடுத்த டெய்லர் வயிறு 38 என்கிறார். நண்பரின் ஜிம்மில் எடை மெஷின் ‘உள்ளுறுப்புக் கொழுப்பு 13’ என்று காட்டியது. இரண்டு வாரம் கழித்து 11. நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. குடம்புளி கேப்ஸ்யூல் சாப்பிடுகிறேன். ஸ்கேன் எடுக்க வேண்டுமா? சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது. பின்கழுத்து கறுத்துவிட்டது, மெடிக்கலில் க்ரீம் வாங்கிப் போட்டும் போகவில்லை. அப்பாவுக்கு சுகர் இருந்தது. 54 வயதில் ஹார்ட் அட்டாக்கில் இறந்தார். — வாசகர், திருப்பூர்

பதில்: அப்பாவுக்கு நடந்தது நமக்கும் நடந்துவிடுமோ என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. நியாயமான பயம். ஆனால் அதற்கான தடயத்தைத் தப்பான இடத்தில் தேடுகிறீர்கள். டெய்லர் சொன்ன 38, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய பின்கழுத்துக் கருமை, இந்த இரண்டும்தான் எனக்கு முக்கியம்.

மெஷினை விட்டுவிடுங்கள். அது பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, வயது, உயரம், எடையோடு சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை அது நேரடியாகப் பார்ப்பதே இல்லை. உடம்பில் நீர்ச்சத்து ஏறி இறங்கினால் எண்ணும் மாறும். 13 வந்ததற்கு இவ்வளவு பயம் தேவையில்லை, 11 ஆனதற்குக் கேப்ஸ்யூலும் காரணமில்லை. சி.டி. ஸ்கேனில் இந்தக் கொழுப்பைத் துல்லியமாக அளக்கலாம், ஆனால் அளந்தாலும் நான் சொல்லப்போவது மாறாது. வீண் செலவு, வீண் கதிர்வீச்சு. வயிறு உப்புவது காற்று. சாப்பிட்டதும் ஏறி, இரண்டு மணி நேரத்தில் இறங்குவது கொழுப்பு இல்லை.

சரி, இடுப்புக்கு வருவோம். பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பை வந்தவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்கிறார்கள்; பத்து வருடமாக அதே 34 என்று நிம்மதியாக இருப்பார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். விலா எலும்பின் கீழ் ஓரம், இடுப்பு எலும்பின் மேல் ஓரம், இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்து நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். நாடா இறுக்கவும் கூடாது, முதுகில் சரியவும் கூடாது. வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சு விட்டு முடிக்கும்போது அளவைப் பாருங்கள்.

நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது இன்னும் எளிய கணக்கு. உங்களுக்கு அது 84. டெய்லரின் 38 அங்குலம் கிட்டத்தட்ட 97 செ.மீ. எப்படிப் பார்த்தாலும் தாண்டிவிட்டீர்கள்.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் எண்) 23.4 தானே என்று கேட்கலாம். நமக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்கிவிடுகிறது. அதைவிட, பி.எம்.ஐ. கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது. 2004-ல் புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்களையே அளந்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. ஒல்லியான கை கால், முன்னால் தள்ளிய வயிறு என்று நீங்கள் எழுதியது நம்மிடம் நிறையப் பேருக்கு உள்ள உடல்வாகு.

இப்போது கழுத்து. தேய்த்தாலும் போகாமல், தொட்டால் வெல்வெட் மாதிரி தடித்து, கோடு கோடாக இருக்கிறதா? அக்குளிலும் அப்படியா? சின்னச் சின்ன மருக்கள் உண்டா? அப்படியென்றால் அது பெரும்பாலும் அழுக்கோ வெயிலோ இல்லை. வயிற்றுக்குள் கொழுப்பு சேரும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதை ஈடுகட்ட கணையம் கூடுதலாகச் சுரக்கிறது, அந்த மிகையான இன்சுலின் தோலைத் தடிக்க வைக்கிறது. சுகர் டெஸ்ட் நார்மல் என்று வரும் காலத்திலேயே இது தெரிந்துவிடும். உள்ளே நடப்பதை வெளியே காட்டும் இந்த அறிகுறியைத்தான் நீங்கள் க்ரீம் போட்டு மறைக்கப் பார்க்கிறீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வெளுப்பு க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் மெலிந்து நிரந்தரத் தொல்லையாகிவிடும். இன்றே நிறுத்துங்கள். குடம்புளி கேப்ஸ்யூலையும்தான். குழம்பில் போடும் குடம்புளியால் ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் சாற்றைச் செறிவாக்கி விற்கும் எடைக் குறைப்பு மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

சென்னை டாக்டர் மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட நீரிழிவு ஆபத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. நாடா மட்டும் போதும். வயது 35-க்கு மேல் 50-க்குள், 20 புள்ளி. இடுப்பு 90–99, 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை, 30. பெற்றோரில் ஒருவருக்கு சுகர், 10. ஆக 70. அறுபது வந்தாலே அதிக ஆபத்து. வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது. மற்ற இரண்டில்தான் 40 புள்ளிகள் கிடக்கின்றன, அவை உங்கள் கையில். தினமும் அரை மணி நேரம் வேர்க்க நடங்கள், தட்டில் சோறைக் குறைத்துக் காயையும் பயறையும் கூட்டுங்கள். எடையில் மூன்று நான்கு கிலோ குறைந்தாலே வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு நன்றாகக் கரையும். மாதம் ஒரு முறை இடுப்பை அளந்தால் போதும்.

இந்த வாரமே வெறும் வயிற்றில் சுகர், எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகர்), ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் சேர்ந்த கொலஸ்ட்ரால் டெஸ்ட், எஸ்.ஜி.பி.டி. (கல்லீரலுக்கான டெஸ்ட்), அப்புறம் பிரஷர் பாருங்கள். பிரஷரும் சுகரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். ரிப்போர்ட்டை நெட்டில் தேடாமல் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். அப்பா 54-ல் போனதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 55-க்குள் தந்தைக்கு வந்த மாரடைப்பை டாக்டர்கள் நாங்கள் தனியாகக் கணக்கில் எடுப்போம், கொலஸ்ட்ரால் மாத்திரை தேவையா என்ற முடிவே அதனால் மாறலாம். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு அழுத்தினால் மட்டும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள்.