ஃப்ளூ தடுப்பு: மாமியாருக்கு ஊசியா, மூக்கு ஸ்பிரேயா?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். மாமியாருக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. போன வருஷம் ஃப்ளூ ஊசி போட்ட அன்று ராத்திரியே காய்ச்சல் வந்ததால், இனி ஊசியே வேண்டாம் என்கிறார். லண்டனில் என் நாத்தனார் மகனுக்குப் பள்ளியிலேயே மூக்கில் ஸ்பிரே அடித்தார்களாம். அதை இவருக்குத் தரலாமா?

பதில்: முதலில் அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதற்குப் பயந்தே ஊசியை விட்டுவிடுகிறார்கள். ஊசி மருந்தில் இருப்பவை கொல்லப்பட்ட வைரஸின் துண்டுகள். அவற்றால் பெருக முடியாது, ஃப்ளூவைத் தரவும் முடியாது. புதுப் புரதத்தைக் கண்டதும் எதிர்ப்புச் செல்கள் சில ரசாயனங்களைச் சுரக்கின்றன. கை வலியும் லேசான காய்ச்சலும் அதனால்தான். ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். சில செல்கள் அந்தத் துண்டுகளை அக்குளில் நெறி கட்டும் இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. வைரஸ் நம் தொண்டைச் செல்களைப் பற்றிக்கொள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் வேண்டும். அதை மூடி மறைக்கும் ஆன்டிபாடிகள் அங்கே தயாராகி ரத்தத்தில் கலக்கின்றன. இதற்குச் சுமார் 2 வாரம் பிடிக்கும். இவை நுரையீரலை நன்றாகக் காக்கும். ஊசிக்குப் பிறகும் ஃப்ளூ வந்தால், நிமோனியா வரை போகும் வாய்ப்பு குறையும்.

ஸ்பிரேயில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். மூக்கின் குளிர்ச்சியில் வளரும், நுரையீரலின் சூட்டில் தாங்காது. மூக்கிலேயே வளர்வதால் மூக்குச் சவ்விலேயே ஆன்டிபாடி உருவாகிறது. வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களும் விழித்துக்கொள்கின்றன. குழந்தைகளுக்கு இது அருமையான வழி. 2010இல் பன்றிக் காய்ச்சலுக்காக நம் புனேயிலேயே சீரம் நிறுவனம் இப்படி ஒன்றைத் தயாரித்தது. ஆனால் 71 வயதுக்குள் பலமுறை ஃப்ளூவைச் சந்தித்த உடம்பு, இந்த நோஞ்சான் வைரஸை வேரூன்றவே விடாது. பாடம் கற்பதற்குள் ஆசிரியரை விரட்டிவிட்ட மாதிரி. அமெரிக்காவில் இதற்கு அனுமதி 49 வயது வரைதான்.

ஆகவே மாமியாருக்கு ஊசிதான். முதிய வயதில் எதிர்ப்பு கொஞ்சம் மந்தம் என்பதால், சில நாடுகளில் வழக்கமான 15 மைக்ரோகிராமுக்குப் பதில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 60 மைக்ரோகிராம் உள்ள ஊசி தருகிறார்கள். கிடைக்குமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மும்பையில் மழையோடு ஃப்ளூ ஏறும், அதனால் மே மாதத்திலேயே போட்டுவிடுங்கள். வைரஸ் உருமாறுவதாலும் ஆன்டிபாடி குறைவதாலும் வருஷா வருஷம் தேவை. முன்பு ஊசி போட்டதும் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த முறை, ராத்திரி லேசாக உடம்பு சுடலாம் என்று மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி, பாராசிட்டமால் மாத்திரையைக் கைவசம் வைத்திருங்கள்.