டிரெட்மில்லில் எனக்கு எந்த வேகம் சரி?

கேள்வி: எனக்கு வயது 39. சத்துவாச்சாரியில் இருக்கிறோம். பொங்கலுக்குப் பிறகு டிரெட்மில் வாங்கி, மாடியில் ஷீட் போட்ட அறையில் வைத்திருக்கிறோம். என் கணவர் 8-ல் வைத்து அரை மணி நேரம் ஓடுகிறார். நான் 8 வைத்தால் இரண்டே நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஓட முடிகிறது. 6 வைத்தால் நடப்பதா ஓடுவதா என்றே தெரியவில்லை. மாதவிலக்கு நாட்களில் இன்னும் மோசம். போன வருடம் டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தபோது நார்மல் என்றார்கள். புதிதாக ஓடுகிறவர்களுக்கு எந்த வேகம் சரி, டாக்டர்?

பதில்: முதலில் அந்த 8-ஐ விட்டுவிடுங்கள், சகோதரி. அது உங்கள் கணவரின் வேகம். மணிக்கு 5.5 கிலோமீட்டரில் வேகமாக நடப்பதைவிட 8 கிலோமீட்டரில் ஓடுவதற்கு உடம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியைச் செலவழிக்க வேண்டும். ஓடிப் பழக்கமில்லாத ஒருவர் எடுத்த எடுப்பில் அங்கே போனால் மூச்சு வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். உங்களிடம் குறை இருக்கிறது என்று இதை வைத்து நினைத்துக்கொள்ளாதீர்கள்.

6-ல் வரும் குழப்பமும் இயல்பானதுதான். பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 7 கிலோமீட்டரை ஒட்டி, நடையை விட ஓட்டம் சுலபமாகிவிடும். கால் நீளத்தைப் பொறுத்து அது சற்று முன்பின் இருக்கும். உயரம் குறைந்தவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். அதற்குச் சற்றுக் கீழே உள்ள வேகத்தில் நடந்தால் கால் இழுபடும், ஓடினால் குதிப்பது போல இருக்கும். அந்த இடத்தில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கேயே அரை மணி நேரம் போராட வேண்டாம். அதற்குக் கீழே நடங்கள், அதற்கு மேலே கொஞ்ச நேரம் மட்டும் ஓடுங்கள்.

உங்கள் வேகம் எது என்பதை மெஷின் சொல்லாது, உங்கள் பேச்சு சொல்லும். 4-ல் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக 5-க்குப் போங்கள். இரண்டு நிமிடம் ஆனதும் உங்கள் வீட்டு முகவரியை உரக்கச் சொல்லிப் பாருங்கள்: கதவு எண், தெரு, சத்துவாச்சாரி, வேலூர், 632-ல் ஆரம்பிக்கிற பின்கோடு வரைக்கும். தங்குதடை இல்லாமல் வந்து, கூடவே ஒரு பாட்டும் பாடலாம் போலிருந்தால் வேகம் போதாது. முகவரியைச் சொல்லி முடிக்க முடிகிறது, ஆனால் பாட முடியாது என்றால் அதுதான் உங்கள் வேகம். தெருப் பெயரைத் தாண்டுவதற்குள்ளேயே மூச்சை இழுக்க வேண்டியிருந்தால் அரை கிலோமீட்டர் குறையுங்கள். இதைக் கைப்பிடியைத் தொடாமல்தான் செய்ய வேண்டும். பிடித்துக்கொண்டால் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைக் கை தாங்கிக்கொள்ளும். திரையில் 8 என்று இருந்தாலும் கால் அந்த வேலையைச் செய்யவில்லை. பிடிக்காமல் ஓட முடியாத வேகம் இன்னும் உங்களுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் ஒட்டியிருக்கும் நாடித்துடிப்பு அட்டவணையை நம்பி ஓடாதீர்கள். 220-லிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 181 வரும். ஆனால் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருக்கும். ரத்த அழுத்தத்துக்காக மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு அறவே ஒத்துவராது. அந்த மாத்திரைகளே துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும்.

ஓட்டத்தை இப்படித் தொடங்குங்கள். ஐந்து நிமிட நடைக்குப் பிறகு, 7-ல் ஒரு நிமிடம் ஓட்டம், 4.5-ல் இரண்டு நிமிடம் நடை. இதை ஆறு முறை. கடைசியில் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து இறங்குங்கள். பெல்ட் நின்றதும் தரை நகர்வது போலக் கொஞ்ச நேரம் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அடி சின்னதாக இருக்கட்டும், பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும், பார்வை நேராக இருக்கட்டும். பிறகு ஓடும் நேரத்தை ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். இடைவெளி இல்லாமல் இருபது நிமிடம் ஓட வரும்வரை வேகத்தில் கை வைக்காதீர்கள். மூச்சு சில வாரத்திலேயே பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் அதைவிட நாளாகும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் ஓரமாக வலி எடுத்தால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம்; அந்த வாரம் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்றம் 0 அல்லது 1 போதும்.

ஜிம்மில் ஓடும் வாசகர்களுக்கு ஒன்று: சில மெஷின்கள் மைலில் காட்டும். மைலில் 6 என்றால் கிலோமீட்டரில் 9.6-ஐத் தாண்டுகிறது. ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷீட் போட்ட மாடி அறை எனக்குக் கவலையாக இருக்கிறது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் பகலெல்லாம் காய்ந்த ஷீட் ராத்திரி எட்டு மணிக்கும் அனல் கக்கும். வெளியில் ஓடினால் எதிர்க்காற்று வியர்வையைக் காய வைக்கும். மெஷினில் ஓடும்போது நீங்கள் ஒரே இடத்தில் இருப்பதால் அந்தக் காற்றும் கிடையாது. உடம்பைக் குளிரவைக்க ரத்தம் தோலுக்குத் திரும்பும், இதயம் கூடுதலாக அடிக்கும். அதனால் ஜனவரியில் சுலபமாக இருந்த 5.5, மே மாதத்தில் மூச்சுமுட்ட வைக்கும். மெஷினைக் கீழே இறக்க முடிந்தால் இறக்குங்கள். முடியாவிட்டால் விடியற்காலையில், ஜன்னலைத் திறந்து, முகத்துக்கு நேராக ஃபேன் வைத்துக்கொண்டு ஓடுங்கள். வெயில் காலம் முழுக்க ஒரு கிலோமீட்டர் குறைத்தே வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்த வரி, மாதவிலக்கு நாட்களில் இன்னும் மோசம் என்பதுதான். நம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, அசதி எல்லாவற்றையும் வயசு, வேலை, வெயில் என்று தள்ளிவிட்டு வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். ஹீமோகுளோபின்தான் தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து போகிறது. அது குறைந்தால் எந்த வேகமும் உங்களுக்கு அதிக வேகம்தான். இந்த வாரமே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பின் அளவு), தைராய்டு, சர்க்கரை பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஏன் குறைந்தது, ரத்தப்போக்கு எவ்வளவு என்பதை மகப்பேறு மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைந்துவிடுகிறது, கட்டி கட்டியாகப் போகிறது என்றால் அது சாதாரணம் இல்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு நல்லதுதான், ஆனால் குறைந்துபோன இரும்பை ஈடுகட்ட மாத்திரை வேண்டியிருக்கும். அதைச் சாப்பிடும் நேரத்தில் டீ, காபி வேண்டாம். இரும்பை உடம்பு ஏற்கவிடாது.

டி.எம்.டி. நார்மல் என்பது நல்ல செய்தி. ஆனால் அது ஓட்டத்துக்கான அனுமதிச் சீட்டு இல்லை. அந்தச் சோதனையை வழக்கமாகச் செய்யும் புரூஸ் என்ற முறையில் முதல் மூன்று நிமிடம் வெறும் 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். மூன்றாவது கட்டத்தில்கூட 5.5 கிலோமீட்டர்தான். செங்குத்தாக ஏறும்போது இதயத்துக்கு ரத்தம் போதுமான அளவு போகிறதா என்று பார்க்கிறார்கள். ரத்தசோகையோ தைராய்டோ அதில் தெரியாது. ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டிக்கொண்டு வருவது, நின்ற பிறகும் அடங்காத மூச்சு, இவற்றில் எது வந்தாலும் பழைய ரிப்போர்ட்டைக் காரணம் காட்டி வீட்டில் உட்காராதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மெஷினில் ஏறும்போது துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், நைட்டியோடு ஏறவே வேண்டாம். சிவப்பு சேஃப்டி கிளிப்பை உடையில் மாட்டிக்கொள்ளுங்கள். பெல்ட்டில் விரல் உரசித் தோல் கழன்றுபோன சின்னக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வருகிறார்கள். சில பிள்ளைகளுக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சைவரை போகிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால், ஓடி முடித்ததும் அந்தக் கிளிப்பை மெஷினிலிருந்து பிடுங்கி, அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.